நகலில் சுருங்கிய பதினான்கு மீட்டர்

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு சர்வே அலுவலகத்தில் பத்தொன்பது வருஷம் வரைபடம் போட்டவள் ஷைலா. சரவணம்பட்டிப் பக்கம் ஒரு சாலையை அகலப்படுத்தும் வேலைக்கும் அவள்தான் படம் போட்டாள். படத்தில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் ஐந்து மீட்டர். அதை எழுத்தில் போட்டாள். கூடவே வரைய வேண்டிய, படம் சுருங்கினால் தானும் சுருங்கி அளவைச் சரியாகக் காட்டும் அளவுகோல் கோட்டை, இடமில்லை என்று விட்டுவிட்டாள்.

பெரிய தாள் தீர்ந்திருந்ததால் முதலாளி கோவிந்தராஜுலு அதைப் பாதி அளவுத் தாளில் சுருக்கி நகலெடுத்துச் சாலை போடுபவர்களுக்குக் கொடுத்தனுப்பினார். தாளின் பரப்பு பாதியானதில் கோடுகளின் நீளம் பத்தில் ஏழு பங்காகிவிட்டது. எழுதிய எண் அப்படியே இருந்தது.

தையல் கடை வைத்திருந்த ராமாமணியின் வீட்டுச் சுவர், சாலை நடுவிலிருந்து பதினான்கு மீட்டர். சாலைக்கு வேண்டியது பன்னிரண்டு. நகலில் ஸ்கேல் வைத்தவர்களுக்கு இரண்டு சென்டிமீட்டர்தான் வந்தது. பத்து மீட்டர் என்று கணக்குப் போட்டு, முன்னறையில் இரண்டு மீட்டர் இடிக்கச் சொல்லிச் சிவப்புக் குறி போட்டார்கள்.

பஸ்ஸில் போகும்போது குறியைப் பார்த்த ஷைலா முதலாளியிடம் ஓடினாள்.

“சார், அந்த ஊடு கோட்டுக்குள்ளயே வராதுங்க. நகல் சுருங்கிப்போச்சுங்க.”

“இப்பப் போயி தப்புன்னு சொன்னா அடுத்த வேலை நமக்கு வருமா அம்மணி? பேசாம இருங்க.”

ஷைலாவின் மகள் பிரீத்திகா அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். ஷைலா பேசாமல் இருந்தாள். ஒன்பதாம் நாள் இடித்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் ஷைலா வாய் திறந்தாள். ராமாமணியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

“ஏனுங்க, இது உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“இடிக்கறதுக்கு ஒம்பது நாள் முன்னாடியேங்க.”

“ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே டேப்பு புடிச்சுக் காட்டியிருப்பனுங்களே.” ராமாமணி மெஷினை நிறுத்தினாள். தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஷைலா நடந்ததை அதிகாரிகளுக்கு எழுதிக் கொடுத்தாள். விசாரணையில் படத்தை விரித்தார்கள். வரைந்தவர் என்ற கட்டத்தில் அவள் பெயர் இருந்தது. அளவுகோல் கோடு இல்லை. தவறு அவளுடையது என்று முடிந்தது. வேலை போயிற்று. கோவிந்தராஜுலுவுக்கு அடுத்த சாலையும் கிடைத்தது.

புதுச் சாலையின் ஓரத்துக்கும் ராமாமணியின் உடைந்த அறைக்கும் நடுவே நான்கு மீட்டர் வெறுமனே கிடக்கிறது. யார் யாரோ அங்கே வண்டி நிறுத்துகிறார்கள்.

போன மாதம் ஷைலா அவளைப் பஸ் நிறுத்தத்தில் பார்த்தாள். ராமாமணி நகர்ந்து உட்கார இடம் விட்டாள். பஸ் வரும்வரை ஷைலா பக்கம் முகத்தைத் திருப்பவில்லை.