பத்துக் கிலோ தாங்கும் பை

போன மாதம் பரவை மார்க்கெட்டில் சின்ன வெங்காயத்தைக் கிளறிப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் பெயர் என்னைத் தாண்டி நடந்து போனது. முன்னால் போன ஒரு பெரியவரின் கையில் மஞ்சப்பை ஒன்று தொங்கியது. மஞ்சள் என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். துவைத்துத் துவைத்து மோர் நிறத்துக்கு வந்திருந்தது. கைப்பிடி ஒருமுறை பிய்ந்து, நீல நூலால் தைக்கப்பட்டிருந்தது. அதில் வெளுத்துப்போன சிவப்பு எழுத்தில் என் பெயர், பக்கத்தில் நான் கட்டிக்கொள்ளாத ஒருவருடைய பெயர், அடியில் சின்னதாக ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்று போட்டு என் அப்பாவின் பெயர். உள்ளே ஒரு பூசணிக் கீற்றும் கத்தரிக்காயும் இருந்தன, முருங்கைக்காய் நான்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டிருந்தன. நான் வெங்காயத்தைப் போட்டது போட்டபடி அவர் பின்னால் ஓடினேன்.

அந்தப் பைகளை அடித்தவர் அப்பாதான். கோரிப்பாளையத்தில் தர்காவுக்குப் பின்பக்கச் சந்து ஒன்றில் எங்கள் மளிகைக் கடை இருக்கிறது. கல்யாணத்துக்கு வந்தவர்களுக்குத் தேங்காய், பழம், வெற்றிலை போட்டு மஞ்சப்பை கொடுத்தனுப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். பெரும்பாலும் அது பேருக்கு ஒரு பையாகத்தான் இருக்கும். மண்டபத்திலிருந்து பஸ் ஸ்டாண்ட் வந்து சேர்வதற்குள் தேங்காய் ஒரு பக்கம் உருளும், பை ஒரு பக்கம் தொங்கும். அப்பாவுக்கு இது ஆகவே ஆகாது. வாழ்நாள் முழுக்கச் சாமான் கட்டிக் கொடுத்த மனிதர் இல்லையா, எந்தப் பை எந்த இடத்தில் பிய்யும் என்பது அவருக்குத் தெரியும். என் கல்யாணத்துக்குப் பை அடிக்க அவரே போய்க் கெட்டித் துணியாகப் பார்த்து எடுத்தார், அடியில் இரட்டைத் தையல் போடச் சொன்னார். முதல் பை வந்ததும் அதில் பத்துக் கிலோ அரிசியைக் கொட்டி, கடை உத்தரத்து ஆணியில் காலையில் மாட்டினார். சாயங்காலம் வரை அது அப்படியே தொங்கியது. போகிற வருகிறவர்களிடமெல்லாம், “எம்மக கல்யாணப் பை. பத்துக் கிலோ, அசையுதா பாருங்க” என்றார். அறுநூறு பை அடித்தார். அப்பாவை அம்புட்டுச் சந்தோஷமாக நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

பைகள் மூட்டையாக வந்து இறங்கிய நான்காவது நாள் கல்யாணம் நின்றது. மாப்பிள்ளை வீட்டார் கே.கே. நகரில் இருந்தார்கள். ஏதோ வேலையாகக் கோரிப்பாளையம் வந்தவர்கள், வந்தது வந்தோம் என்று கடைக்கு வந்துவிட்டார்கள். நான் தராசுக்குப் பின்னால், முழங்கை வரை புளி ஒட்டிய கையோடு நின்றிருந்தேன். பி.காம். முடித்ததிலிருந்து கடையில் பாதி நான்தான். எனக்கு அந்த வேலை பிடிக்கும். ஆள் முகத்தைப் பார்த்ததும் என்ன பருப்பு, எவ்வளவு என்று கை தானாகப் போகும். மாப்பிள்ளையின் அப்பா என் கையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், பிறகு அப்பாவிடம், “பொண்ணு கடையில நிக்கிறது இன்னையோட போதும். கல்யாணத்துக்குப் பெறகு இந்தப் பக்கமே வரக் கூடாது. எங்க சொந்தக்காரங்க நாலு பேரு பார்த்தா என்ன நெனைப்பாங்க?” என்றார். மாப்பிள்ளை பக்கத்திலேயே நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடுத்து நின்றவருக்குப் புளியை நிறுத்துக் கொடுத்தேன். ராத்திரிச் சாப்பாட்டில் கை வைத்தபோது சொன்னேன். “எனக்கு இது வேணாம்ப்பா.”

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா சோற்றைப் பிசைந்தபடியே என்னைப் பார்த்தார். “நல்லா யோசிச்சியா தாயி?” என்று ஒரே ஒரு முறை கேட்டார். யோசித்துவிட்டேன் என்றேன். மறுநாள் காலையில் வெள்ளை வேட்டி கட்டி, நிச்சயதார்த்தத்துக்கு அவர்கள் வைத்த சேலையை எடுத்துக்கொண்டு, டி.வி.எஸ். வண்டியில் தனியாக கே.கே. நகர் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அங்கே என்ன பேச்சு வாங்கினார் என்று கடைசி வரை சொல்லவில்லை. என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதும் இல்லை. பை மூட்டையைக் கொளுத்தச் சொன்ன அம்மாவிடம், “துணி என்ன பாவம் பண்ணுச்சு?” என்று அதைப் பரணில் ஏற்றினார். ஆனால் அன்றிலிருந்து அவர் எந்தக் கல்யாணத்துக்கும் போகவில்லை. அதற்கு முன்னால் ஊரில் ஒரு முகூர்த்தம் தவறாது. பந்தியில் சாம்பார் ருசி பார்க்கவே அவரை ஒரு நாள் முன்னதாகக் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்டவர், பத்திரிகை வைக்க ஆள் வந்தால் ‘கடையை யாரு பார்ப்பா’ என்று சொல்லி அம்மாவை அனுப்பிவைத்தார். எதிரில் வருகிறவர் ‘மக கல்யாணம் என்னாச்சு’ என்று கேட்டுவிடுவாரோ என்று தெருவில் குனிந்தே நடந்தார். அந்தக் குனிந்த தலை என்னால் வந்தது என்றுதான் நான் நினைத்தேன். கல்யாணத்தை நிறுத்தியதற்காக ஒரு நாளும் நான் வருந்தியதில்லை. அப்பா பழையபடி நிமிர்ந்து நடக்க வேண்டும், அது மட்டும்தான் எனக்கு வேண்டியிருந்தது. அதை எப்படிச் செய்வது என்றுதான் தெரியவில்லை.

நான்கைந்து வருஷம் இப்படியே போயிற்று. அப்புறம் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தது. கடையில் இருந்த கேரிபேக் கட்டுகளை அப்பாவே எடுத்து மாநகராட்சி ஆட்களிடம் ஒப்படைத்தார். அடுத்த வாரம் நடந்த கூத்தைச் சொல்ல வேண்டும். பல வருஷமாகக் கையை வீசிக்கொண்டு கடைக்கு வந்து பழகிய ஜனம், அன்றும் வீசிக்கொண்டே வந்தது. ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றி நீட்டி, “இதுல தக்காளியப் போடுங்கண்ணே” என்றார். இட்லி மாவுக்குத் தூக்குவாளி கொண்டுவர மறந்த ஒருத்தி, வண்டியில் இருந்த தண்ணீர் பாட்டிலைக் காலி பண்ணி அதில் ஊற்றச் சொன்னாள். காலேஜ் பையன் ஒருவன் சட்டைப் பையிலும் பேன்ட் பைகளிலும் இரண்டிரண்டு முட்டையாக ஆறு முட்டையோடு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்து போனான். காகிதப் பொட்டலம் கட்டுவதில் அப்பாவை யாரும் மிஞ்ச முடியாதுதான். ஆனால் பத்துப் பொட்டலத்தை அள்ளிக்கொண்டு வீடு போய்ச் சேர மனுஷனுக்கு இரண்டு கைதானே இருக்கிறது? ஒரு நாள் மதியம் எங்கள் வாசலிலேயே ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் கையிலிருந்து துவரம்பருப்புப் பொட்டலம் நழுவி, சாக்கடை வரை சிதறியது. அவள் வெட்கத்தோடு குனிந்து பொறுக்கப் போனாள். அப்பா ஓடிவந்து தடுத்து, வேறு பருப்பு கட்டிக் கொடுத்தார். அன்று சாப்பிட வீட்டுக்குப் போனவர் நேரமாகியும் கடைக்குத் திரும்பவில்லை.

நான் போய்ப் பார்த்தேன். பரண் மூட்டை கூடத்தில் அவிழ்ந்து கிடந்தது. அப்பா தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பையாக எடுத்து, கையை உள்ளே விட்டு, உட்பக்கம் வெளியே வரும்படி புரட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். எழுத்து உள்ளே போய்விட வேண்டும் என்று. எனக்கு வந்ததே ஒரு கோபம்! “எதுக்குப்பா இந்த வேலை? அம்புட்டுக் கேவலமாவா இருக்கு எம்பேரு?” என்று கத்திவிட்டேன். அப்பா நிமிர்ந்து பார்த்தார். “கேவலம் என்ன தாயி. கடை வாசல்ல நாலு பேரு உம்பேரைப் படிச்சு, உன்னையக் கேள்வி கேட்டா உனக்குச் சங்கடமா இருக்கும்ல? அதான்.” அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷமும் அவர் கல்யாணங்களுக்குப் போகாமல் இருந்ததும் இதற்குத்தான். யாராவது என்னைப் பற்றிக் கேட்டு, அவர் ஏதாவது சொல்லி, அது என் காதுக்கு வந்து நான் நோகக் கூடாது என்றுதான். அவருக்காக நானும் எனக்காக அவரும் வாயை மூடிக்கொண்டே இருந்திருக்கிறோம். இரண்டு மடச்சாம்பிராணிகள்! அழுகையாக வந்தது, உட்கார்ந்து அழுதேன்.

ஆனாலும் அவர் புரட்டுவதை நிறுத்தவில்லை. புரட்டிய பைகளைத்தான் மறுநாள் கடைக்குக் கொண்டுவந்தார். வாங்கிய முதல் ஆள் முந்தின வருஷம்தான் எங்கள் சந்துக்குக் குடிவந்த தையல்காரரின் மனைவி, நாங்கள் பாயம்மா என்று கூப்பிடுகிறவர். வீட்டில் தையல் மிஷின் இருக்கிறவர் பையைப் பார்த்த பார்வையே வேறு. “என்னண்ணே, தையல் அம்புட்டும் வெளிய தெரியுது? பையைத் தப்பாத் தச்சு உங்களை ஏமாத்திட்டானா?” என்று சொல்லிக்கொண்டே, அப்பா கை நீட்டுவதற்குள் ஒரே உதறலில் பையைச் சரியான பக்கம் திருப்பிவிட்டார். திருப்பியதோடு விடாமல் அடுக்கில் இருந்த நான்கைந்தையும் எடுத்துத் திருப்பி உதவி செய்தார். பிறகுதான் எழுத்தைப் பார்த்தார். கடை வாசலில் எட்டுப் பேர் நிற்கிறார்கள். “அட, நம்ம பாப்பா பேரு! ஏண்ணே, எங்களுக்கெல்லாம் கல்யாணச் சோறு போடாமலே முடிச்சுட்டீகளா? மாப்ள எங்க இருக்காரு?”

அப்பா கையில் இருந்த கல்லுப்பு தராசுத் தட்டில் சிந்தியது. அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். நான் உள்ளேயிருந்து எட்டு வீடு கேட்கிற மாதிரி சொன்னேன். “அந்த மாப்ளைய நான்தான் வேணாம்னுட்டேன் பாயம்மா. கடையில நிக்கக் கூடாதுன்னாக. நீங்களே சொல்லுங்க, நான் போயிட்டா உங்களுக்கு யாரு நல்ல புளியாப் பார்த்துக் குடுப்பா?” பாயம்மா ஒரு கணம் என்னைப் பார்த்தார். “அதுஞ்சரிதான்! அல்லா காப்பாத்துனான் புள்ள, எங்க அம்புட்டுப் பேரையும்” என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். வரிசை முழுக்கச் சிரித்தது. யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஒருத்தி மட்டும் ‘நல்லா கேட்ட போ’ என்று யாரையோ மனதில் வைத்துக்கொண்டு சொன்னாள். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தைரியத்துக்காகச் சொல்கிறேனா, மெய்யாகவே எனக்கு நோகவில்லையா என்று தேடுகிற பார்வை அது. நோகவில்லை என்பது அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். அடுத்து நின்றவருக்குச் சாமானை எடுத்து வைத்துவிட்டு, ஒரு பையைத் தானே நல்ல பக்கம் திருப்பி, எழுத்து தெரியும்படி உதறி நீட்டினார். “மாப்ளைய எம்மக வேணாம்னுட்டா. பை நல்ல பை, கொண்டு போங்க.”

அன்றிலிருந்து அதையே அவர் ஒவ்வொருவரிடமும் சொன்னார். முதலில் மெதுவாக, அப்புறம் சாதாரணமாக, பத்து நாள் கழித்து வேண்டுமென்றே சத்தமாக. கேட்காதவர்களிடமும் சொன்னார். அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. “ஊரெல்லாம் தமுக்கடிக்கிறீகளா?” என்பாள். “நல்ல சேதிதானே, அடிச்சா என்ன?” என்பார். ஒரு மாதத்துக்குள் கோரிப்பாளையம் சிக்னலில் எந்த வண்டியைப் பார்த்தாலும் முன்னால் என் பெயர் தொங்கியது. ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டு போனது, ரேஷன் கடை வரிசையில் நின்றது, பஸ்ஸில் சீட்டுப் பிடிக்க ஜன்னல் வழியாக எறியப்பட்டது. அந்தத் தையில் பாயம்மாவின் மகளுக்கு நிக்காஹ் நடந்தது. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, யாரும் சொல்லாமலே முதல் ஆளாகக் கிளம்பியவர் அப்பா. திரும்பி வந்து பிரியாணியில் உப்புக் கொஞ்சம் தூக்கல் என்று குறை சொன்னார். அதைக் கேட்டு எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது.

அப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது. கடையை இப்போது நான் நடத்துகிறேன். கல்யாணமும் செய்துகொண்டேன், கடைக்குச் சரக்கு ஏற்றி வருகிற வண்டிக்காரரையே. என் கை புளி நாற்றம் அவருக்குப் பெரிதாகத் தெரிவதில்லை. அப்பா காரியம் முடிந்த வாரத்தில் பரணைத் துழாவினேன். ஒரு பை கூட இல்லை. கடைசிப் பையையும் யாரோ ஒரு ஹெல்மெட்டுக்காரருக்குக் கொடுத்திருக்கிறார், எனக்கென்று ஒன்று எடுத்து வைக்கத் தோன்றவில்லை மனிதருக்கு. அவர் பெயர் அச்சில் இருந்த ஒரே சாமான் அது. அதனால்தான் அன்று பரவையில் அப்படி ஓடினேன்.

“அண்ணே, ஒரு நிமிசம். இந்தப் பை எங்க வாங்குனீக?”

“ஏம்மா, களவாண்டவன் மாதிரியா தெரியுது?” என்று பெரியவர் நின்றார். “எம்மருமகளுக்குக் கோரிப்பாளையத்துல யாரோ குடுத்தது. ஏன்?”

என் தோளில் இருந்த புதுச் சணல் பையைக் கழற்றி நீட்டினேன். ஜிப் வைத்தது, உள்ளே அறை வைத்தது. இதை வைத்துக்கொண்டு அதைக் கொடுங்கள் என்றேன். அவர் வாங்கி அடியைத் திருப்பிப் பார்த்தார், தையலை நகத்தால் நெருடிப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார்.

“இது பார்வைக்கு நல்லா இருக்கு. ஆனா நான் மாத்த மாட்டேன்மா. எங்கையில இருக்கிறது பத்துக் கிலோ தாங்கும். இதுல பேரு போட்டிருக்கிற புள்ளைக யாருன்னு எனக்குத் தெரியாது. தூக்கும்போதெல்லாம் நெனைப்பேன், பொண்ணைப் பெத்தவன் நல்ல மனுசன், வந்த சனத்துக்கு இம்புட்டுத் தரமாக் குடுத்திருக்கான்னு. அந்தப் பொண்ணு எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்.”

“நல்லா இருக்கேண்ணே” என்றேன்.

அவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பையைப் பார்த்தார். “அப்ப மாப்ள?”

நீட்டியிருந்த கையை மடக்கிக்கொண்டேன். வெளியே வழுக்கிக்கொண்டிருந்த ஒரு முருங்கைக்காயை அவர் பைக்குள் நன்றாகச் செருகிவிட்டு, மார்க்கெட்டில் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சொன்னேன். “மாப்ளைய நான் வேணாம்னுட்டேன். பை நல்ல பை, கொண்டு போங்க.”