விஜியின் குரல் இருந்த ஃபோல்டர்

ராஜபாளையம் தென்காசி சாலையில் நாங்கள் வேலை பார்க்கும் அச்சகத்தில் பெலிக்ஸ் அண்ணன்தான் டிசைனர். கல்யாணப் பத்திரிகை, சடங்கு ஃபிளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் அவர் கைதான். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவார். மனைவி விஜி காய்ச்சலில் இறந்தபோது அந்தப் போஸ்டரையும் அவரே செய்தார். வேறு யாரையும் தொடவிடவில்லை.

விஜி வாட்ஸப்பில் அனுப்பிய குரல் செய்திகளை, பழைய போன் கெட்டுப்போவதற்கு முன்பே கடைக் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரில் சேர்த்திருந்தார். பெரிதாக ஒன்றுமில்லை. "ஏங்க, கறிவேப்பிலை கேட்டா மல்லியத் தூக்கிட்டு வாரீங்க, கண்ணு எங்க போச்சு?" இப்படித்தான் இருக்கும். பஸ்ஸிலும் கேட்கலாம் என்று, யூடியூப் பார்த்து அந்த ஃபோல்டருக்கு ஒரு லிங்க் போட்டு கிளவுடில் வைத்தார். புதுப் போனிலும் தெரிந்தது. "இது வெறும் பாதைதாம்லே. வீடு கடையிலதான இருக்கு" என்பார்.

பிறகு தேவதானத்தில் பெண் அமைந்தது. பேர் ஜெபராணி. அண்ணனின் அம்மா செல்லக்கனி, சுவரிலிருந்த விஜி படத்தைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு மகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏலே, போன்ல கிடக்கதையும் எடுத்துரு. வார புள்ள மனசு என்ன பாடுபடும்?"

"எடுக்கேம்மா."

"எங் கண்ணு முன்னால எடு. குப்பைத்தொட்டின்னு ஒண்ணு இருக்காம்லா, அதையும் காலி பண்ணு. ஒண்ணுந் தெரியாதவன்னு நெனச்சியோ?"

அழித்தார். கடையில் பத்திரமாக இருக்கிறதே என்ற தைரியம்.

மறுநாள் வந்து ஃபோல்டரைத் திறந்தார். காலி. மூடிவிட்டு மறுபடி திறந்தார். எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து, இன்னொரு முறை திறந்தார்.

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் பாண்டிச்செல்வத்தை வரவழைத்தோம்.

"லிங்க்க மட்டும் எடுத்திருந்தா லிங்க்தாம்ணே போயிருக்கும். நீங்க உள்ள போயி ஃபைல அழிச்சிருக்கீங்க. ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல வைக்கிறதுதான சிங்க், அது அந்தப் பாதையிலயே இங்க வந்து ஒரிஜினலையும் எடுத்துருச்சு. மொதல்ல சிங்க்க நிறுத்தி, லிங்க்கப் பிரிச்சிட்டுத்தான் கை வைக்கணும். பென்டிரைவுல ஒரு காப்பி கூடவா இல்ல?"

அண்ணன் எழுந்து நாற்காலியை அவருக்கு விட்டார். பாண்டிச்செல்வம் என்னென்னவோ போட்டுப் பார்த்தார். ஃபைல்களின் பேர் மட்டும் திரும்ப வந்தது. ஒன்றும் ஓடவில்லை.

அம்மாவிடம் அவர் சொல்லவே இல்லை. கல்யாணம் நடந்தது. தன் பத்திரிகையை மட்டும் என்னைச் செய்யச் சொன்னார்.

போன வாரம் டீ குடிக்கும்போது அவராகவே சொன்னார். சர்ச்சுக்குப் போய்விட்டு வரும் வழியில் ஜெபராணி கேட்டாளாம்.

"அக்கா பேச்சு அம்புட்டுச் சிரிப்பா இருக்கும்னு தெருவுல எல்லாரும் சொல்லுதாவ. அவிய பேசுனது ஏதும் வச்சிருக்கீங்களா? எனக்கும் ஒரு தடவ கேக்கணும்."

"இருந்துச்சு. அழிஞ்சிருச்சு."

"யாரு அழிச்சா?"

அண்ணன் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"மிஷின் கோளாறுன்னு சொல்லிட்டேன்" என்றார். "ஐயோ பாவம்னு எங் கையப் பிடிச்சுக்கிட்டா."