என் கணவர் தூங்கும் படங்கள்

என் கணவருக்கு எங்கே உட்கார்ந்தாலும் தூக்கம் வந்துவிடும். சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். மலேசியாவில் நாங்கள் இருக்கும் தெப்ராவிலிருந்து விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளில் கிளம்பி, எல்லைப் பாலம் தாண்டிப் போய், இருட்டிய பிறகு திரும்புகிறவர். கல்யாண மண்டபத்தில் தூங்கியிருக்கிறார். பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்தபடியே தூங்கியிருக்கிறார். டாக்டருக்கு அதில் ரொம்ப வசதி.

அப்படிப்பட்டவர் ஒரு சனிக்கிழமை என்னை அழைத்துப்போக ஓவிய வகுப்புக்கு வந்தார். எங்கள் தாமானில், குடியிருப்பு மண்டபத்தில் நடக்கும் சின்ன வகுப்பு அது. டீச்சர் ஒரு சீன அம்மா. அன்றைக்கு எங்களுக்கு மாடலாக உட்கார வேண்டியவர் வரவில்லை. டீச்சர் என் கணவரை மேலும் கீழும் பார்த்தார்.

"அங்கிள், சும்மாதானே நிக்கிறீங்க? கொஞ்ச நேரம் உட்காருங்க லா."

மறுக்கத் தெரியாத மனிதர். மஞ்சள் கம்பெனி சட்டையோடு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். நாங்கள் பென்சில் சீவி முடிப்பதற்குள் தலை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. எழுப்பப் போன என்னை டீச்சர் தடுத்தார். இவ்வளவு அசையாத மாடல் இந்த வகுப்புக்கு வந்ததே இல்லை என்றார். நாங்கள் எல்லாரும் வரைந்தோம். குறட்டை வந்தபோது மட்டும் மீசை அசைந்தது, அது கொஞ்சம் சிரமமாக இருந்தது.

பள்ளி விடுமுறைக்கு ஜொகூர் பாருவில் ஒரு சின்ன ஓவியக் கூடத்தில் ஆண்டுதோறும் கண்காட்சி வைப்பார்கள். இந்த முறை தலைப்பு 'நம் ஊர் மக்கள்'. டீச்சர் எங்கள் வகுப்புப் படங்களை அப்படியே அனுப்பிவிட்டார். அப்படியே தேர்வும் ஆகிவிட்டன. ஒரு முழுச் சுவரும் என் கணவர். நீலத்தில் தூங்குகிறார், பச்சையில் தூங்குகிறார், பக்கவாட்டில் தூங்குகிறார்.

பாலோவில் இருக்கும் அவருடைய அக்காவுக்கு நான்தான் போன் செய்து சொன்னேன். "அண்ணி, உங்க தம்பி படத்தை கண்காட்சியில வைக்கிறாங்க." அண்ணிக்கு அது அரசாங்க விருது மாதிரி கேட்டிருக்க வேண்டும். திறப்பு விழா அன்று காலை ரயிலில் வந்து இறங்கினார். பட்டுப் புடவை. கையில் வாழை இலையில் சுற்றிய பெரிய மல்லிகை மாலை.

"மேடையில ஏத்தும்போது வெறுங்கழுத்தா நிக்கக்கூடாதுல்ல" என்றார்.

மேடையே இல்லை என்று சொன்னேன். காதில் விழவில்லை.

உள்ளே போனதும் அண்ணி முதலில் என் படத்தைத்தான் பார்த்தார். மற்றவர்களுடையவை சுவரின் நடுவில் இருந்தன. என்னுடையது கழிவறைக்குப் போகும் வழியில் இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார்.

"நல்லா வரைஞ்சிருக்கும்மா. பலாப்பழம்தானே?"

"உங்க தம்பி, அண்ணி."

"ஆமா ஆமா. வயிறு தெரியுது."

எல்லாவற்றிலும் பெரிய படம், மருந்துக்கடை வைத்திருக்கும் ஒரு சீனப் பெண் வரைந்தது. முழுக்கக் கரியால் வரைந்திருந்தாள். மூடிய கண், அமைதியான முகம், கறுப்புச் சட்டம். கீழே மலாயில் தலைப்பு: ரேஹாட் பஞ்சாங். நீண்ட ஓய்வு என்று அர்த்தம். அண்ணி அதன் முன்னால் தம்பியை நிறுத்தி மாலையைக் கழுத்தில் போட்டார். வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அக்கா, விடுக்கா. கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கு" என்று கூச்சத்தோடு கழற்றிக் கொடுத்தார்.

சாமிக்குக் கட்டுகிறவரிடம் சொல்லிக் கட்டிய மாலையாம். அதைத் தரையில் வைக்க அண்ணிக்கு மனசு வரவில்லை. கையில் வைத்துக்கொண்டே நிற்கவும் முடியவில்லை. சுற்றிப் பார்த்தார். படச்சட்டத்தின் இரண்டு மூலையிலும் எட்டி மாட்டிவிட்டார். அளவெடுத்துக் கட்டியது போல் கச்சிதமாகப் பொருந்தியது.

நாங்கள் மூவரும் ஓரடி பின்னால் வந்து பார்த்தோம்.

என் கணவர்தான் முதலில் மெதுவாகச் சொன்னார். "அக்கா, என்னைக் கொன்னுட்டியே."

"அலமாக்!" என்று அண்ணி பாய்ந்து மாலையை எடுக்கப் போனார். அதற்குள் கூடத்தின் காவலாளி ஓடி வந்துவிட்டான். மலாய்க்காரப் பையன்தான், ஆனால் கண்டிப்பான ஆள். மாட்டும்போது அவன் பார்க்கவில்லை. எடுக்கும்போதுதான் பார்த்தான். படங்களை யாரும் தொடக்கூடாது என்றான். நான் விளக்கப் பார்த்தேன். அவன் நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்து, மலாயில் அக்கா என்று அழைத்து, "புரியுது, காக். ஆனா ரூல்ஸ்" என்றான். ஏன் இவ்வளவு மரியாதை என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

அண்ணி அதிகாரியைத் தேடி வேகமாகப் போனார். என் கணவர் பசிக்கிறது என்று வெளியே போனார். படத்துக்குக் காவலாக நான் மட்டும் நின்றேன். பண்டார் தெங்காராவிலிருந்து வந்ததாகச் சொன்ன ஒரு தமிழ் அம்மா, வீட்டுக்காரரோடு பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க வீட்டுக்காரராம்மா?"

"ஆமாங்க."

"எப்பம்மா?"

எப்போது வரைந்தது என்று கேட்கிறார் என நினைத்தேன். என்னை ஓர் ஓவியராக மதித்து ஒருவர் கேள்வி கேட்பது அதுதான் முதல் தடவை. நிமிர்ந்து நின்று பதில் சொன்னேன்.

"மார்ச் மாசம்ங்க. ஒரு சனிக்கிழமை."

"சனிக்கிழமையா!" அந்த அம்மா வீட்டுக்காரரைப் பார்த்தார். அவரும் கவலையோடு தலையாட்டினார். "உடம்புக்கு முடியாம இருந்தாரா?"

"இல்லீங்க, நல்லாத்தான் இருந்தாரு. என்னைக் கூட்டிட்டுப் போக வந்தாரு. நாற்காலியில உக்காந்தாரு. அப்படியே தூங்கிட்டாரு."

"எழுப்பிப் பாக்கலையா?"

"எழுப்பத்தான் போனேன், டீச்சர் விடல. நாங்க பாட்டுக்கு உக்காந்து வரைஞ்சோம்."

அந்த அம்மா என் கையைப் பிடித்திருந்த பிடி சட்டென்று தளர்ந்தது. என்னைப் பார்த்த பார்வையே மாறிவிட்டது. புருஷன் கண் மூடிய இடத்தில் பென்சில் சீவியவள் என்று முகத்தில் எழுதியிருந்தது. அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. "ஐயோ, அது இல்லீங்க" என்று நான் ஆரம்பிக்கும்போதே, அதே மஞ்சள் சட்டையோடு, வாயில் பாதி கறிபாப்போடு என் கணவர் படத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்னம்மா, அக்கா வரலையா?"

அந்த அம்மா போட்ட சத்தத்தில் காவலாளி மறுபடி ஓடி வந்தான். என் கணவரைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான், மறுபடி அவரைப் பார்த்தான். பிறகு கடமை நினைவுக்கு வந்து, மாமா என்று மலாயில் அழைத்து, "பாக்சிக், உள்ளே சாப்பிடக்கூடாது" என்றான். குரல் மட்டும் நடுங்கியது. அந்த அம்மாவின் வீட்டுக்காரர் விரலை நீட்டி என் கணவரின் தோளை ஒரு தடவை குத்திப் பார்த்தார். திருப்தியானதும் சிரிக்கத் தொடங்கினார். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை.

அண்ணி அதிகாரியோடு வந்தபோது, படம் வரைந்த பெண்ணும் வந்துவிட்டாள். மாலையைப் பார்த்ததும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். கோபப்படப் போகிறாள் என்று பயந்தேன்.

"தயவுசெய்து எடுக்காதீங்க ஆன்ட்டி. இப்பதான் படம் முழுசா இருக்கு" என்றாள்.

அண்ணி ஒத்துக்கொள்ளவில்லை. "உனக்குத் தெரியாதும்மா, இது எங்க ஆளுங்களுக்கு ஆகாது." அந்தப் பெண் கெஞ்ச, அண்ணி மறுக்க, அதிகாரி மாறி மாறிப் பார்க்க, கடைசியில் முடிவை என் கணவரிடமே விட்டார்கள். அவர் படத்தை வெகுநேரம் பார்த்தார். "பூ வாடுற வரைக்கும் இருக்கட்டும் லா. பாவம், நல்லா வரைஞ்சிருக்கு" என்றார். அதிகாரி உடனே தலைப்புச் சீட்டை எடுத்து, கரி, தாள் என்று இருந்ததற்குப் பக்கத்தில் பேனாவால் மல்லிகை என்று சேர்த்தார்.

பூ வாடுவதற்குள் புகைப்படம் வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் போய்விட்டது. தொழிற்சாலையில் அவர் வேலை செய்யும் பிரிவில் ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்தினார்களாம். அந்த வரிசையில் இவரும் யாருக்கென்று தெரியாமல் தலை குனிந்து நின்றிருக்கிறார்.

அண்ணிக்கு மட்டும் ஒரு குறை. தம்பிக்கு ஒரு சுவர் கிடைத்ததே, தனக்கு ஒன்றும் இல்லையே என்று. போன மாதம் அதே பட்டுப் புடவையில், நகை எல்லாம் போட்டுக்கொண்டு வகுப்புக்கு வந்து மாடலாக உட்கார்ந்தார். உட்கார்ந்ததிலிருந்து பேச்சை நிறுத்தவில்லை. பாலோவில் யாருக்கு என்ன வியாதி என்பதெல்லாம் டீச்சருக்கு இப்போது தெரியும். எங்கள் எல்லாருடைய படத்திலும் அண்ணிக்கு வாய் சரியாக வரவில்லை. மருந்துக்கடைப் பெண் மட்டும் சமாளித்துவிட்டாள். அவள் வாயை மூன்று இடத்தில் வரைந்திருந்தாள். அண்ணிக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. தன்னைச் சரியாகப் புரிந்துகொண்டது அந்தப் பெண் ஒருத்திதான் என்று சொல்லி, சட்டம் போட்டு ரயிலில் மடியிலேயே வைத்து எடுத்துப் போனார்.