ஏபோ குவான்சாவின் பெருங்குழலும் குடலிறக்கமும்

"நாளைக்குக் காலை வரை வாயில் ஒன்றும் படக்கூடாது" என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்புகிறார்கள். விடிந்ததும் நீங்கள் வழக்கமாகக் குடிக்கும் கஷாயம் அந்தக் கணக்கில் வருமா, வராதா? சட்டென்று பதில் சொல்லுங்கள். ஒரு நொடி யோசித்தீர்கள் என்றாலும் நீங்கள் ஏபோ குவான்சாவின் கட்சிதான்.

ஏபோ, சால்ட்பாண்ட் கடற்கரையில் படகு எஞ்சின்களைப் பழுது பார்ப்பவர். அது வார நாட்களில். சனிக்கிழமை வந்தால் கையிலிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்த்துக் கழுவிவிட்டு, வெள்ளைச் சட்டையும் சிவப்புத் தொப்பியும் மாட்டிக்கொண்டு, வாத்தியக் குழுவின் பித்தளைப் பெருங்குழலுக்குள் உடம்பை நுழைத்துக்கொள்வார். ஆமாம், நுழைத்துக்கொள்ளத்தான் வேண்டும். மலைப்பாம்பு மாதிரி ஆளைச் சுற்றி வளைத்து, தலைக்கு மேலே அண்டா வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் வாத்தியம் அது. ஏபோ அதை ஊதினால் மூன்று தெரு தள்ளி உலர்ந்துகொண்டிருக்கும் மீன் துள்ளும் என்பார்கள். சாவு ஊர்வலத்தில் பிணத்தைத் தவிர எல்லாரும் ஆடுவார்கள்.

அவருடைய அப்பா மீனவர். மகனுக்குக் கடல் ஒத்துவரவில்லை. படகில் கால் வைத்தாலே வாந்தி. இவ்வளவு தூரம் வாந்தி பீய்ச்சுகிறவனுக்கு மூச்சு நிறைய இருக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அவரை வாத்தியக் குழுவில் சேர்த்துவிட்டார்கள். என்ன தர்க்கமோ, பலித்துவிட்டது. கல்யாணமும் குழல் கொடுத்ததுதான். ஒரு சாவு ஊர்வலம் சந்தை வழியாகப் போனபோது, அங்கே புகைபோட்ட மீன் விற்றுக்கொண்டிருந்த அராபா, காதுக்குப் பக்கத்தில் இரைச்சல் தாங்காமல் தன் தலைத்துணியைச் சுருட்டிக் குழலின் வாயில் அடைத்துவிட்டாள். ஏபோ முழு மூச்சில் ஊதினார். துணி பறந்து போய் இறந்தவரின் தாய்மாமன் தலையில் உட்கார்ந்தது. மறு மாதம் நிச்சயதார்த்தம்.

இப்படிப்பட்ட மனிதருக்கு அடிவயிற்றின் வலது பக்கம் கோழிமுட்டை அளவுக்கு ஒரு புடைப்பு வந்தது. தாழ்ந்த சுரத்தை இழுத்து ஊதினால் வெளியே எட்டிப் பார்க்கும். படுத்தால் உள்ளே போய்விடும். ஏபோ அதை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு, வலது காலைச் சற்றுத் தூக்கிக்கொண்டு ஊதப் பழகினார். ஊர் என்ன நினைத்தது? புது ஆட்டம் என்று நினைத்தது. பையன்களும் பெண்களும் கிழவர்களும் இடுப்புக்குக் கீழே ஒரு கையை வைத்துக்கொண்டு காலைத் தூக்கித் தூக்கி ஆடினார்கள். அதற்குக் 'குவான்சா ஆட்டம்' என்று பெயரும் வைத்தார்கள். ஒரு மனிதனின் குடல் இறங்குவதைப் பார்த்துவிட்டு ஊரே நடனம் ஆடிய கதை வேறெங்காவது உண்டா?

வைத்தியமும் நடந்தது. ஒலிபெருக்கி கட்டிய வேனில் கசப்பு மருந்து விற்றுக்கொண்டு வருவார்கள். குடலிறக்கம், மூலம், இடுப்புவலி, பிள்ளையின்மை, கெட்ட கனவு எல்லாவற்றுக்கும் ஒரே புட்டி. சாராயத்தில் வேரை ஊறப்போட்டது. கிழிந்த சட்டையைக் கஷாயத்தில் நனைத்தால் தானாகத் தைத்துக்கொள்ளுமா? வயிற்றுச் சுவரில் விழுந்த ஓட்டை மட்டும் எப்படி அடையும்? இதைக் கேட்க ஆளில்லாத இடங்களில்தான் அந்த வேன்கள் நிற்கும். ஏபோ காலையில் எழுந்ததும் ஒரு மடக்கு போடாமல் பல் துலக்கமாட்டார்.

ஒரு சனிக்கிழமை, ஊர்வலத்தின் நடுவே, புடைப்பு உள்ளே போக மறுத்துவிட்டது. வலியில் ஏபோ குழலோடு தார்ச்சாலையில் உட்கார்ந்தார். பின்னால் வந்த கூட்டமும் உட்கார்ந்தது. புது அடவாம்! தெரு முழுக்க உட்கார்ந்தபடி கைதட்டியது. அராபா மட்டும் மீன் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"எழுந்திருங்கடா, அறிவு கெட்டவங்களா! அந்த மனுசன் மூஞ்சியப் பாத்தா ஆடுற மாதிரியா இருக்கு?"

மருத்துவமனையில் டாக்டர் அவரைப் படுக்க வைத்து, மெல்ல அழுத்தி உள்ளே தள்ளினார். "இந்தத் தடவை தப்பிச்சீங்க. அடுத்த தடவை குடல் அந்த ஓட்டையில மாட்டிக்கிட்டா ரத்தம் போகாம அழுகிடும். சீக்கிரம் ஆபரேஷன் பண்ணிடணும்" என்று நாள் குறித்துக் கொடுத்தார்.

ஏபோவின் கவலை வேறு. ஊரின் பெரிய மீனவத் தலைவர் இறந்து பிணவறையில் இருந்தார். அடக்கம் அடுத்த மாதம்; பெரிய சாவென்றால் அப்படி நாள் கணக்கில் வைத்திருந்து அடக்கம் செய்வதுதான் இங்கே வழக்கம். குழுவின் மாஸ்டர் எசுவோன் முன்பே அறிவித்திருந்தார்: "அன்னைக்கு எவன் பெருங்குழல் ஊதுறானோ, குழல் அவனுக்குத்தான். எனக்கு வியாதிக்காரன் வேணாம், ஊதுறவன் வேணும்." பக்கத்து ஊர் மன்கெசிமிலிருந்து ஜோஜோ என்று ஓர் இளவட்டத்தைக் கூட்டிவந்து தயாராகவும் வைத்திருந்தார். குழல் குழுவின் சொத்து. கையை விட்டுப் போனால் ஏபோ வெறும் எஞ்சின் மெக்கானிக்.

அதனால் ஆபரேஷனை அராபாவைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் பெரிய காரியத்தை வெளியே சொல்லமாட்டார்கள்; சொன்னால் சொந்தத்துக்குள்ளேயே இருக்கும் சூனியக்காரி டாக்டரின் கத்தியை வழுக்க வைத்துவிடுவாளாம். கத்தியை வழுக்க வைப்பது சூனியம் இல்லை, ஐயா. நோயாளி மறைக்கும் உண்மையும், மருத்துவமனை விளக்காமல் விடும் காரணமும்தான்.

குறித்த நாளில் அறுவை அறைக்கு வெளியே ஏபோவைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்திருந்தார்கள். மயக்க மருந்து கொடுக்கும் மேடம் இன்கூம் வந்தார்.

"காலையிலேருந்து ஏதாவது சாப்பிட்டீங்களா? குடிச்சீங்களா?"

"ஒரு சொட்டுத் தண்ணிகூட இல்ல மேடம்."

மேடம் இன்கூம் மூக்கைச் சுருக்கினார். "அப்ப இந்த வாடை என்கிட்டேருந்தா வருது?"

"அது... அது மருந்து மேடம்."

பக்கத்தில் நின்ற அராபா தலையில் கை வைத்தாள். "கசப்புத் தண்ணியா? பாவி மனுசா! வாய் கொப்பளிக்கிறேன்னுதானே சொன்னே?"

"கொப்பளிக்கத்தான் செஞ்சேன். துப்ப மறந்துட்டேன்."

வார்டு நர்ஸ் கத்த ஆரம்பித்தார். "எத்தனை தடவை சொன்னேன், ஒண்ணும் குடிக்காதேன்னு? இந்த ஆளுங்களுக்கு மண்டையில எதுவுமே ஏறாது!"

அராபா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "நீங்க என்ன சொன்னீங்க சிஸ்டர்? 'ஒண்ணும் குடிக்காதே, அடுத்த ஆளு வா!' அவ்வளவுதான். ஏன் குடிக்கக் கூடாதுன்னு சொன்னீங்களா? ஏன்னு தெரிஞ்சா இந்தக் கூமுட்டையக் கட்டிப் போட்டிருக்கமாட்டேனா?"

மேடம் இன்கூம் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அந்த நடைபாதையில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"அக்கா கேக்குறது நியாயம். நான் சொல்றேன். உங்களுக்கு முதுகுல ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ மரத்துப்போக வைப்போம். சிலசமயம் அது போதாது, முழுசா தூங்க வைக்கணும். தூக்கத்துல வயித்துல இருக்கறது மேல ஏறி நுரையீரலுக்குள்ள போயிடும். உங்களால இருமக்கூட முடியாது. கடல்ல முழுகுற மாதிரி, மேசை மேலயே முழுகிடுவீங்க."

கடலென்றாலே வாந்தி எடுக்கும் ஏபோ தள்ளுவண்டியின் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொண்ணு. அந்தப் புட்டியில என்ன வேர் இருக்குன்னு எனக்குத் தெரியாது. சில வேர் ரத்தத்த உறைய விடாது. இன்னும் என்னல்லாம் சாப்பிடறீங்க? ரத்தக் கொதிப்பு மாத்திரை? எந்த ஊசியாவது ஒத்துக்காமப் போயிருக்கா? எல்லாத்தையும் சொல்லுங்க. நான் உங்க மாமியார் இல்ல, திட்ட மாட்டேன்."

ஏபோ எல்லாவற்றையும் கொட்டினார். கசப்பு மருந்து, மாமா கொடுத்த மூக்குப்பொடி, ஆபரேஷனுக்கு அழகாகப் போகவேண்டும் என்று அன்று காலை துருப்பிடித்த பிளேடால் அடிவயிற்றைத் தானே மழித்துக்கொண்டது வரை.

"ஐயோ, அதையும் பண்ணிட்டீங்களா? பிளேடு கீறின இடத்துலதான் கிருமி குடித்தனம் பண்ணும். மழிக்கறதெல்லாம் எங்க வேலை" என்று மேடம் இன்கூம் சிரித்தேவிட்டார். அவரும் டாக்டரும் கீறல்களைப் பார்த்தார்கள். எல்லாம் தொடைப் பக்கம்தான், வெட்டும் இடத்தில் இல்லை. ஆபரேஷன் மறுநாளைக்குத் தள்ளிப்போனது. அன்று அராபா வார்டிலேயே உட்கார்ந்து, ஏபோவின் வாயை மீன் கூடையைக் காப்பது போலக் காத்தாள்.

மறுநாள் முதுகில் ஊசி ஏறியதும் ஏபோவின் கால்கள் யாருடையவோ ஆகிவிட்டன. திரைக்கு அந்தப் பக்கம் டாக்டர் தைத்துக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் ஏபோ பயத்தில் வாயாலேயே பெருங்குழல் வாசித்தார். பூம், பூம், பூம்பா.

"ஏபோ, கொஞ்சம் மெதுவா. வயிறு தாளம் போடுது, ஊசி எங்க குத்துறதுன்னு தெரியல" என்றார் டாக்டர். இரண்டு நிமிடத்தில் டாக்டரே அதே மெட்டை முணுமுணுக்க ஆரம்பித்தார். பிறகு நர்ஸ். நேற்றுக் கத்தினாரே, அவரேதான்.

இப்போது அராபா ஒவ்வொன்றுக்கும் 'ஏன்' கேட்டாள். மறுநாளே ஏன் எழுந்து நடக்கச் சொல்கிறீர்கள்? படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் கட்டிக்கொள்ளும், நெஞ்சில் சளி தேங்கும். இருமும்போது ஏன் தலையணையைக் காயத்தின்மேல் அமுக்க வேண்டும்? தையலுக்கு முட்டுக் கொடுக்கத்தான். மலச்சிக்கல் வந்தால் என்ன? முக்கினால் தையல் இழுபடும்; தண்ணீரும் பப்பாளியும் கொடு. காயம் சிவந்து சூடேறினாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ? நாள் பார்க்காமல் ஓடிவா. எப்படியோ மோப்பம் பிடித்து, காயத்தில் பூச இலை அரைத்துக்கொண்டு வந்த ஏபோவின் அத்தையை, கென்கே மாவு கிண்டும் மரத்துடுப்போடு அராபா வாசல் வரை வழியனுப்பி வைத்தாள்.

கடைசியாக ஏபோ கேட்டார். "குழல் எப்ப ஊதலாம் டாக்டர்?"

"ஆறு வாரம் தூக்கவும் கூடாது, ஊதவும் கூடாது. உள்ள போட்ட தையல் பிடிக்கணும். மீறினா ஓட்டை திரும்பத் திறக்கும்."

அடக்கம் இரண்டு வாரத்தில் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை ஏபோ கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு ஊர்வலத்தில் மெல்ல நடந்தார். நடப்பதற்குத் தடையில்லை. ஜோஜோ பெருங்குழலை ஊதினான். சினை ஆடு கத்துவது போல ஒரு சத்தம் வந்தது. ஆடத் தூக்கிய கால்கள் எங்கே இறங்குவது என்று தெரியாமல் அந்தரத்தில் நின்றன. கூட்டம் பொறுமை இழந்தது.

"குவான்சா! குவான்சா எங்கே?"

"அதோ நிக்கிறான்! தூக்குடா குழல!"

மாஸ்டர் எசுவோன் ஜோஜோவிடமிருந்து குழலை உருவி ஏபோவின் முன்னால் நீட்டினார். "கடைசித் தடவை கேக்கறேன். ஊதுறியா, குழல விடுறியா?"

அராபா தெருவின் அந்தப் பக்கம் கூட்டத்தில் சிக்கியிருந்தாள். ஏபோவின் விரல்கள் பித்தளையைத் தொட்டன. உதடு தானாகக் குவிந்தது. பிறகு அவர் கையை எடுத்துவிட்டு, ஊதுகிற அதே குரலில் கத்தினார்:

"எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆயிருக்கு! ஆறு வாரம் ஊதமாட்டேன்! நீங்க ஆடினது ஆட்டமே இல்ல, என் குடல நான் புடிச்சிட்டிருந்தேன்!"

எங்கோ ஒரு பெண் கெக்கலித்தாள். அவ்வளவுதான், தெரு வெடித்தது. சவப்பெட்டி தூக்கியவர்கள்கூட அதைக் கீழே இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள். அராபா சிரித்தபடியே அழுதாள்.

சிரிக்காதவர் மாஸ்டர் எசுவோன் ஒருவர்தான். அவர் ஏபோவின் காதருகே குனிந்தார்.

"டேய்... ரொம்ப வலிச்சுதா?"

"யாருக்காகக் கேக்கறீங்க மாஸ்டர்?"

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு."

"அந்த ஒருத்தருக்கு வலது பக்கமா, இடது பக்கமா?"

மாஸ்டர் சுற்றும்முற்றும் பார்த்தார். "ரெண்டு பக்கமும்டா. எட்டு வருசமா."

ஏபோ வாய்விட்டுச் சிரிக்கப் போய், ஞாபகம் வந்து இரண்டு கையாலும் தையலை அமுக்கிக்கொண்டார். "திங்கக்கிழமை நானே கூட்டிட்டுப் போறேன் மாஸ்டர். குழல்?"

"குழலா? நானே படுக்கப் போறேன், யாரு பிடுங்கப் போறா? ஜோஜோ! ஏபோ வர்ற வரைக்கும் இது உங்கிட்ட. அப்புறம் அவனுக்கு. கேட்டுச்சா?"

திங்கட்கிழமை மருத்துவமனைக்கு மாஸ்டரோடு தப்பட்டைக்காரரும், சவப்பெட்டி தூக்கியவரில் இருவரும் வந்தார்கள். எல்லாரும் ஒரே மாதிரி நடந்தார்கள். எல்லாருக்கும் வேன் மருந்து தெரிந்திருந்தது. வயிற்றில் ஓட்டை என்றால் என்ன, அதை எப்படித் தைப்பார்கள் என்று மட்டும் ஒருவருக்கும் யாரும் சொன்னதில்லை.

உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார். கட்டியையோ வலியையோ வேட்டிக்கடியில் மறைத்துக்கொண்டு சிரித்துப் பேசுகிற ஒருவர். இன்று சாப்பாட்டுக்குப் பிறகு அவர் பக்கத்தில் உட்காருங்கள். நேரடியாகக் கேளுங்கள். நாளைக்கு மருத்துவமனைக்குக் கூடவே போங்கள். காரணம் விளங்கும் வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள்.