தெல்மாவிடம் சொல்லியாயிற்று

கில்பெக் நகரத்தில் எந்த வீட்டு கேஸ் மீட்டர் படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறது, எந்த வீட்டில் சமையலறை அலமாரிக்குள் சோப்புத்தூள் டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது என்று நார்மன் ரட்டுக்கு மனப்பாடம். முப்பத்தெட்டு ஆண்டுகள் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து எண்ணைக் குறித்தவர். படிப்பு பதினாறு வயதோடு நின்றது. ஆனால் அவர் குறித்த எண் தப்பென்று ஒருவரும் சொன்னதில்லை.

மீட்டர்கள் அவருக்குத் தெரியும். மனிதர்களைத் தெரிந்தவள் அவர் தங்கை தெல்மா. இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்வார், கேட்காதவர்களிடமும் சொல்வார்.

தெல்மாவுக்கு அறுபத்திரண்டு வயது. ஆரம்பப் பள்ளியில் மதியச் சாப்பாடு பரிமாறும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பத்தொன்பது ஆண்டுகளாக நகரத்தின் அக்கம்பக்கக் காவல் குழுவுக்கு அவள்தான் பொறுப்பாளர். அவள் வீட்டுச் சரக்கறைக் கதவின் உட்புறத்தில் கோப்பை மாட்டும் கொக்கிகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் கோப்பை கிடையாது. அவசரத்துக்கென்று ஊரார் கொடுத்து வைத்த நாற்பத்து மூன்று வீட்டுச் சாவிகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுக் கம்பளி நூல். பெயர் இல்லை, கதவு எண் இல்லை. பச்சை நூல் யாருடையது, பச்சையும் மஞ்சளும் சேர்ந்தது யாருடையது என்பது அவள் மண்டைக்குள் மட்டும்தான் இருக்கிறது. திருடன் உள்ளே வந்து அத்தனையையும் அள்ளிக்கொண்டு போனாலும் ஊர் முழுக்கக் கதவு கதவாகச் சாவியைப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான்.

நார்மனின் சாவி மட்டும் அங்கே இல்லை. அது அவர் வீட்டு வாசலில் மீட்டர் பெட்டிக்குள் இருந்தது.

"ஏண்ணே, திருடனுக்கு மீட்டர் பெட்டி திறக்கத் தெரியாதா?" என்று தெல்மா மாதம் ஒரு முறையாவது கேட்பாள்.

"அதுக்கு முக்கோணச் சாவி வேணும்."

"கடையில ஒரு பவுண்டுக்கு விக்கிறான்."

"எல்லாரும் வாங்குறதில்ல," என்பார் நார்மன்.

கில்பெக்கில் ஏதாவது நடந்தால் ஜனங்கள் தெல்மாவிடம்தான் சொல்வார்கள். தோட்டக் கொட்டகைப் பூட்டை உடைத்தார்கள், சைக்கிள் காணோம், தெரியாத கார் ஒன்று மூன்று நாளாக நிற்கிறது, எல்லாமே அவளிடம் வரும். அவள் தேநீர் போட்டுக் கொடுப்பாள், முழுக்கக் கேட்பாள், நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொள்வாள். பாதிச் சைக்கிள்களை அவளே கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். எடுத்தவன் எவன் என்பது அவளுக்குத் தெரியும். அவனுக்கும் அவன் அப்பனுக்கும் சோறு போட்டவள் அவள்.

"போலீஸுக்குச் சொன்னீங்களா?" என்று யாராவது கேட்டால், "தெல்மாகிட்ட சொல்லியாச்சு" என்பதுதான் ஊரில் பதில். அதோடு விஷயம் முடிந்தது.

வயதானவர்களுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஏமாந்தது பிள்ளைகளுக்குத் தெரிந்தால், "அம்மாவால இனிமே தனியா இருக்க முடியாது" என்று முதியோர் இல்லத்து விண்ணப்பத்தோடு வந்து நிற்பார்கள். அதனால், "உன்னோட இருக்கட்டும் கண்ணு" என்று தெல்மாவின் கையைப் பிடித்துக்கொள்வார்கள். அது அவளோடுதான் இருந்தது.

போலீஸ் கணக்கில் கில்பெக்கில் ஒன்றுமே நடக்கவில்லை. வருடத்துக்குப் பத்தொன்பது குற்றம். மாவட்டத்திலேயே மிகப் பாதுகாப்பான சிறு நகரம். நகர மன்றத் தலைவர் ரோலண்ட் பிக்கரிங், வீடு வாங்கி விற்கும் தரகு அலுவலகம் வைத்திருப்பவர், ஊர் நுழைவில் அதை எழுதிப் பெரிய பலகை வைத்தார். கீழே பூத்தொட்டிகளும் வைத்தார். அவற்றுக்கு அவரே தண்ணீர் ஊற்றினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அடுத்த வருடம் நகரத்துக்கென்று இருந்த ஒரே பெண் காவலரைப் பக்கத்து ஊருக்கு மாற்றினார்கள். பாதுகாப்பான ஊருக்குக் காவலர் எதற்கு?

போன வருடம் மார்ச் மாதம், எண்பத்து நான்கு வயது எரிக் ஆடி என்பவர் தெல்மா வீட்டு மேசையில் உட்கார்ந்து அழுதார். வெள்ளை வேனில் இரண்டு பேர் வந்தார்கள். கூரையில் ஓடு நழுவியிருக்கிறது, மழை வந்தால் உள்ளே ஒழுகும் என்றார்கள். ஒருவன் ஏணியில் ஏறினான். மற்றவன் தண்ணீர் கேட்டு உள்ளே வந்தான். அவர்கள் போன பிறகு பார்த்தால் செத்துப்போன மனைவியின் மோதிரம் இல்லை.

தெல்மா நோட்டைப் புரட்டினாள். பிப்ரவரி நான்கு: ரோப்பரி சந்தில் திருமதி வெய்ட், வெள்ளை வேன், ஏணி, இரண்டு பேர். பிப்ரவரி இருபது: மில் தெருவில் அதே வேன். மூன்றும் அவள் கையெழுத்தில், அடுத்தடுத்த பக்கங்களில் இருந்தன.

அன்றே அவள் மாவட்டப் போலீஸ் சார்ஜென்ட் ஃபாராவைத் தொலைபேசியில் பிடித்தாள். நார்மன் பக்கத்தில் நின்றார்.

"கில்பெக்கிலயா? அந்த வேனை நாங்க ரெண்டு மாசமா தேடுறோம்மா. சுத்துப்பட்டு எல்லா ஊர்லயும் ரோந்து வண்டி போட்டிருக்கோம். உங்க ஊர்லேந்துதான் ஒரு புகாரும் வரல. அதனால அங்க போடல."

தெல்மா தொலைபேசியை வைத்தாள். நோட்டை மூடினாள்.

"அந்த மோதிரத்த எடுத்தது நான்தான்ணே."

"பைத்தியமா உனக்கு?"

"பிப்ரவரியிலயே சொல்லியிருந்தா அவங்க மார்ச்ல வந்திருக்க மாட்டாங்க. பத்தொன்பது வருஷமா ஊரைக் காப்பாத்துறேன்னு நெனச்சுக்கிட்டு போலீஸ்காரங்க கண்ணைக் கட்டி வச்சிருக்கேன்."

அடுத்த திங்கட்கிழமை முதல் அவள் தெருத் தெருவாகப் போனாள். யார் என்ன சொல்ல வந்தாலும் தேநீர் உண்டு, ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை. "போலீஸ் நம்பர் நூத்தியொண்ணுக்கு நீங்களே போன் பண்ணுங்க. புகார் எண் குடுப்பாங்க. அதை எழுதி எடுத்துட்டு வாங்க, அப்புறம் பேசலாம்." போன் செய்யத் தயங்குகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். காது கேட்காதவர்களுக்கு நார்மன் ஒலிபெருக்கி உள்ள தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு போனார். மே மாதம் அந்த வேன் மறுபடி ரோப்பரி சந்துக்கு வந்தது. திருமதி வெய்ட் ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து வண்டி எண்ணைப் போனில் படித்துச் சொன்னாள். பெரிய சாலை சந்திப்பில் இருபது நிமிடத்தில் பிடித்துவிட்டார்கள். மோதிரம் மட்டும் கிடைக்கவில்லை.

போலீஸ் கணக்கில் எண்ணிக்கை ஏறியது. இந்த ஜூன் மாதம் மாவட்டப் பத்திரிகை முதல் பக்கத்தில் போட்டது: பாதுகாப்பான நகரத்தில் குற்றம் மூன்று மடங்கு. பத்தொன்பது, அறுபத்து நான்காகிவிட்டது. வீடு வாங்க முன்பணம் வரை வந்த ஒரு குடும்பம் பின்வாங்கியது. பிக்கரிங் பொதுக்கூட்டம் கூட்டினார். தெல்மாவைப் பொறுப்பிலிருந்து நீக்குவதற்கு வாக்கெடுப்பு.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மெத்தடிஸ்ட் தேவாலயக் கூடத்தில் உட்கார இடம் இல்லை. தேநீர்க் கொதிகலன் மூலையில் சீறிக்கொண்டிருந்தது. தெல்மா மடியில் துணிப்பையை வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பைக்குள் பத்தொன்பது நோட்டுகள். இரண்டாம் வரிசையில் பிக்கரிங்கின் அம்மா, எண்பத்தாறு வயது, தொப்பி வைத்து வந்திருந்தாள்.

"தெல்மா மேல எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் கிடையாது," என்று ஆரம்பித்தார் பிக்கரிங். "ஆனா பூனை குறுக்க ஓடுனாக்கூட போன் பண்ணச் சொன்னா ஊர் பேரு என்ன ஆகும்? பக்கத்து ஊர்க்காரன் என்னைப் பாத்து, என்ன ரோலண்ட், இரும்புத் தொப்பி போட்டுக்கிட்டுத்தான் கடைக்குப் போறீங்களாமேன்னு கேக்கறான்."

பலர் சிரித்தார்கள். சிலர் தலையாட்டினார்கள்.

"முன்னாடியும் இவ்வளவு நடந்துச்சு ரோலண்ட்," என்றாள் தெல்மா. "இத விட அதிகமாவே. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் எழுபத்தொண்ணு. எழுதி வச்சிருக்கேன்."

"அப்ப படிங்க. நோட்டுதான் கையில இருக்கே. பேரோட படிங்க, நம்புறோம். இந்த வாக்கெடுப்பே வேணாம்."

தெல்மா பையின் வாயை இரண்டு கையாலும் மூடினாள்.

"அது என்னோடது இல்ல. சொன்னவங்களோடது. படிக்க மாட்டேன்."

"அப்ப எப்படிம்மா நம்புறது?"

"நம்பலைன்னா நீக்கிடுங்க."

நார்மன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிக்கரிங்கின் அம்மா கைப்பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்ததும், அவள் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்ததும், தெல்மாவின் பார்வை கூடத்தில் எங்கெங்கோ போனாலும் அந்த இரண்டாம் வரிசைப் பக்கம் மட்டும் போகாததும் அவர் கண்ணில் பட்டது. அவள் பெயரும் அந்த நோட்டில் இருக்கிறது. அதைத் திறந்தால் பிக்கரிங் வாயடைத்துப் போவார். அந்தக் கிழவிக்கு அடுத்த வாரமே முதியோர் இல்லம். தன்னை நீக்கக் கூட்டம் கூட்டியவனின் அம்மாவுக்காகத்தான் தங்கை பையை இறுக்கிப் பிடித்திருக்கிறாள்.

நார்மன் பொதுக்கூட்டத்தில் பேசியதே இல்லை. எழுந்தபோது நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"நான் முப்பத்தெட்டு வருஷம் உங்க வீட்டு மீட்டரெல்லாம் பாத்தவன்," என்றார். "சில வீட்டுல மீட்டர் சிக்கிக்கிட்டு நிக்கும். ஆறு மாசமா அதே எண்ணு. ஆனா உள்ள அடுப்புல கோழி வெந்துக்கிட்டிருக்கும், வீடு கதகதன்னு இருக்கும். சரியான மீட்டர மாட்டின உடனே வீட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்க, நீ வந்தப்புறம்தான் கேஸ் அதிகமா எரியுதுன்னு. கேஸ் எப்பவும் எரிஞ்சுதுங்க. மீட்டர்தான் ஓடல. இந்த ஊரு மீட்டர ஓட வச்சவ என் தங்கச்சி."

"அழகாத்தான் இருக்கு நார்மன். ஆனா ஆதாரம்?" என்றார் பிக்கரிங்.

நார்மனுக்குக் காதெல்லாம் சூடானது.

"அந்த நோட்டுல என் பேரு இருக்கு. நாலு வருஷம் முன்னாடி, அக்டோபர் ஒம்பது. ரோடு போட்டதுல தார் மிஞ்சிடுச்சு, உங்க வாசல்ல போட்டுத் தரோம்னு ரெண்டு பேரு வந்தானுங்க. முந்நூறு பவுண்டு குடுத்தேன். ரெண்டு மழையில கரைஞ்சு ஓடிடுச்சு."

"நீயா?" பிக்கரிங் வாயைப் பிளந்தார். "நீ தபால்காரன் கிட்டயே அட்டை கேப்பியே!"

"அன்னிக்குக் கேக்கல. முப்பத்தெட்டு வருஷம் உங்க ஒவ்வொருத்தர் வாசல்லயும் அடையாள அட்டையத் தூக்கிக் காட்டினவன், என் வாசல்ல வந்தவன்கிட்ட கேக்கல. வெட்கமா இருந்துச்சு. இவகிட்ட மட்டும் சொன்னேன். இத்தனை வருஷத்துல இவ ஒரு தடவகூட அத வச்சு என்னைக் கிண்டல் பண்ணல. பண்ணியிருக்கலாம். மீட்டர் பெட்டியப் பத்தி மாசாமாசம் திட்டுவா, இதப் பத்தி ஒரு வார்த்த கிடையாது."

யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் ஒரு கைத்தடி தரையைத் தட்டியது. எரிக் ஆடி எழுந்து நின்றார்.

"மார்ச் பதினொண்ணு. என் மோதிரம்."

"பிப்ரவரி நாலு," என்றாள் திருமதி வெய்ட். "நான்."

"எங்க கொட்டகை. ரெண்டு தடவ," என்று ஜன்னல் ஓரத்திலிருந்து ஒரு குரல். அப்புறம் இன்னொன்று. தெல்மா திரும்பிப் பார்த்து, "உக்காருங்க, யாரும் சொல்ல வேணாம்!" என்று பதறினாள். ஒருவரும் கேட்கவில்லை. ஒன்பது பேர் வரை நார்மன் எண்ணினார். அதற்குப் பிறகு கண் கலங்கிவிட்டது, அதனால் உறுதியாகச் சொல்ல முடியாது.

பிக்கரிங்கின் அம்மா எழவில்லை. ஆனால் கைப்பையை மடியில் இறக்கி வைத்தாள்.

நீக்க வேண்டும் என்று தூக்கிய கைகள் ஐந்து. வேண்டாம் என்று தூக்கியவற்றைக் கூட்டத்தின் செயலர் எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டார். கடைசியில் சார்ஜென்ட் ஃபாரா எழுந்து, அறுபத்து நான்கு புகார் இருப்பதால் செப்டம்பரிலிருந்து அந்தப் பெண் காவலர் வாரத்தில் இரண்டு நாள் கில்பெக்குக்குத் திரும்புவார் என்றார்.

"ரெண்டு நாளா? திருடங்களுக்கும் ரெண்டு நாள்தான் வேலையா?" என்றாள் தெல்மா. அப்போதுதான் கூடம் சிரித்தது. பிக்கரிங்கும் சிரித்தார். பலகையைத் தானே கழற்றிவிடுவதாகவும் பூத்தொட்டிகள் மட்டும் இருக்கட்டும் என்றும் சொன்னார்.

வீட்டுக்கு நடக்கும்போது நார்மன் மெதுவாகக் கேட்டார். "ரோலண்டோட அம்மா..."

"யாரு? எனக்கு ஒண்ணும் தெரியாது," என்றாள் தெல்மா, முகத்தை அசைக்காமல்.

தன் வாசலில் நார்மன் நின்றார். முக்கோணச் சாவியால் மீட்டர் பெட்டியைத் திறந்து, உள்ளே கையை விட்டு வீட்டுச் சாவியை எடுத்தார். பழக்கத்தில் மீட்டரையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"நீல நூல் போடு."

"நிறத்த நான்தான் முடிவு பண்ணுவேன். உனக்கே தெரியக் கூடாது."

தெல்மா வீட்டில் அவள் தேநீருக்குக் கெண்டியை அடுப்பில் வைத்தாள். ஆனால் கோப்பையை எடுக்கவில்லை. தொலைபேசியை அவர் பக்கம் தள்ளினாள்.

"நாலு வருஷம் ஆச்சேம்மா. இப்ப போய்..."

"அந்த ரெண்டு பேரும் இன்னும் எங்கயோ தார் போட்டுக்கிட்டுத்தான் இருப்பாங்க. புகார் எண்ணை வாங்கு, அப்புறம் தேநீர்."

அவர் நூற்றொன்றை அழுத்தினார். வந்தவர்களின் உயரம், வண்டியின் நிறம், தாரின் கனம், மழை பெய்த இரண்டு தேதிகள் என்று இருபது நிமிடம் விவரம் சொன்னார். எதிர்முனைப் பெண், இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை என்றாள். அவள் கொடுத்த புகார் எண்ணை இரண்டு முறை திருப்பிப் படித்துச் சரிபார்த்துக் குறித்துக்கொண்டார்.

தாளைத் தங்கையிடம் நீட்டினார். அவள் கண்ணாடியைப் போட்டு ஒவ்வொரு இலக்கமாகப் பார்த்தாள். தலையாட்டிவிட்டு, கோப்பையை எடுக்கப் போனாள்.