பைண்டிங் அக்காவின் புத்தகம்

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவன். இன்று சொந்தமாக அச்சகம், மூன்று மிஷின். யாரும் தூக்கிவிடவில்லை, நானே கையூன்றி எழுந்தேன். என்னைப் பற்றி எழுதப் பக்கம் போதாது. அதனால் எங்கள் பைண்டிங் அக்காவைப் பற்றி எழுதுகிறேன். எனக்கு மகள் வயதுதான். ஆனாலும் எல்லாருக்கும் அக்கா.

அச்சான தாள்களை மடித்து ஊசிநூலால் தைப்பது அவள் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாடியில் ஒற்றை அறை, ஒரு ஸ்டவ், ஜன்னலோரம் ஒரு நாற்காலி. இன்னொன்று வாங்கச் சொன்னால், "வர்றவங்க உட்கார்ந்தா எழுந்திருக்க மாட்டாங்க முதலாளி" என்பாள்.

ஒருநாள் தன் எழுத்தையே கொண்டுவந்து நீட்டினாள். பாதி கவிதை, பாதி வாழ்க்கை. ஒருவனை விரும்பியது, அவன் போனது, பிறகு தனியாக இருக்கப் பழகியது. 'நீ போனதும் வீடு காலி என்றிருந்தேன். விளக்கைப் போட்டுப் பார்த்தால் நான் இருந்தேன்' என்று ஒரு இடம். கரண்ட் பில்லுக்கு அப்புறம் நான் இரண்டு தரம் படித்தது அதைத்தான்.

"செலவு என்னுது" என்றேன். நான் அப்படித்தான்.

மிஷின்காரன் விடவில்லை. "யாருக்கா அந்த மகராசன்?"

"நீ இல்ல. நிம்மதியா மிஷினைத் துடை."

தையல் முடிந்த அன்று அவள் அண்ணன் வந்தார். பஸ் டிரைவர். பெற்றவர்கள் போனபின் அவளை வளர்த்தவர்.

"என் பொண்ணுக்குச் சம்பந்தம் பேசிட்டிருக்கேன் ஐயா. அத்தைக்காரி காதல் கதை ஊர் சுத்தினா நான் எந்த முகத்தோட நிக்கிறது? அந்த ஒரு ஏட்டை எடுத்துடுங்க."

அக்கா ஒரு பிரதியைப் பிரித்தாள். "ஒரே தாளை நடுவுல மடிச்சுத் தைச்சிருக்கேண்ணே. ஒரு பாதியைக் கிழிச்சா மறு பாதியும் உதிர்ந்துடும்."

"உதிரட்டுமே. அதுல யாரு?"

"நீ."

மறு பாதியில் இருந்தது, அவளுக்குக் காய்ச்சல் கண்டபோது யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த கதை. நின்றபடியே படித்தார். உதடு அசைந்தது.

"நான் போனாப் போறேன். எடு."

அவள் நூலை அறுத்து, கையிலிருந்த பிரதியிலிருந்து அந்தத் தாளை உருவினாள். புத்தகத்தை அவரிடம் கொடுத்தாள். "சம்பந்தி வீட்டுக்கு இதைக் காட்டு. மத்ததெல்லாம் தைச்சபடியே போகும்."

"அப்போ என் பேச்சுக்கு மதிப்பே இல்லையா?"

"இருக்குண்ணே. ஒரு பிரதி அளவுக்கு இருக்கு."

அவர் என்னைப் பார்த்தார். ஊர்ப் பஞ்சாயத்தெல்லாம் தீர்த்துவைக்கிறவன் நான். "புத்தகம் அவளுது" என்றதோடு நிறுத்திக்கொண்டேன்.

வாசல்வரை போனவர் திரும்பி வந்து, உருவிய தாளைக் கேட்டார். கொடுத்தாள். கிழிக்கவில்லை அவர். இரண்டு பாதியையும் சேர்த்தே மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டூட்டிக்குப் போனார்.