காப்பு கட்டிய பத்து நாள்

போன செவ்வாய்க்கிழமை பதுளை ஆஸ்பத்திரியில், பிள்ளைகள் கிளினிக் வாசலில் உட்கார்ந்திருந்தேன். நான் டீச்சர், சிங்களமும் பேச வரும் என்பதால் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் துணைக்குக் கூப்பிடுவார்கள். அன்று கூப்பிட்டவள் செல்வி. பூனாகலைப் பக்கம் கொழுந்து எடுப்பவள். மடியில் ஆறு வயது மகள் காவ்யா.

காவ்யா பெரிய வாயாடி. அதாவது, போன வருஷம் வரை. பிறகு தூக்கத்தில் வாய் ஒரு பக்கமாக இழுத்தது, எச்சில் வடிந்தது. பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. வலது கையிலிருந்து கரண்டி நழுவியது. பிடிவாதம் என்று நினைத்து இரண்டு அடி போட்டதாகச் செல்வியே என்னிடம் சொல்லி அழுதிருக்கிறாள்.

வலிப்பு என்றால் கை கால் உதறிக்கொண்டு கீழே விழ வேண்டும் என்றுதானே நாம் நினைக்கிறோம்? பேச்சைத் தின்னும் வலிப்பும் இருக்கிறது. தலையில் வயர் ஒட்டிப் பார்த்துத்தான் டொக்டர் கண்டுபிடித்தார். மாத்திரை தொடங்கிய நாலாவது மாதம், "அம்மா, தண்ணி தா" என்றாள் பிள்ளை.

அந்தச் சொற்கள் இப்போது மறுபடியும் இல்லை...

உள்ளே போனதும், மாத்திரையை நிறுத்தினார்களா என்று டொக்டர் சிங்களத்தில் கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"நிப்பாட்டலங்க டீச்சர். தீந்து போச்சு."

"கிளினிக் நாளன்னைக்கு வந்திருக்கலாமே?"

"கோயில்ல காப்பு கட்டியிருந்துச்சுங்களே. திருவிழா முடியிற வரைக்கும் தோட்டத்து எல்லைய யாரும் தாண்டக் கூடாதுல்ல? இவளுக்குப் பேச்சு முழுசா வரணும்னுதான் இவ அப்பா காப்பு கட்டினாரு."

பத்து நாள் மாத்திரை இல்லை. காப்பு அவிழ்த்த மறுநாளே பஸ் ஏறியிருக்கிறாள், பாவம். எனக்கோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"பிள்ளைக்கு மருந்து எடுக்கப் போனா சாமி கோவிச்சுக்குமா?"

செல்வி தலை குனிந்துகொண்டாள். "நீங்கதானே டீச்சர் போன வருஷம் பேப்பர்ல எழுதினீங்க... பத்து நாளும் ஒருத்தர்கூட எல்லைய தாண்டல, அதுதான் பக்தின்னு. கோயில் செவுத்துல ஒட்டி வச்சிருக்காங்க."

எழுதினேன்தான். இதே பேப்பரில், வாராவாரம் வரும் இதே பத்தியில், ரசித்து ரசித்து எழுதினேன்.

"என்ன சொல்கிறார்?" என்றார் டொக்டர். காப்பைப் பற்றி மட்டும் சொன்னேன். என்னைப் பற்றிச் சொல்ல வெட்கமாக இருந்தது. மருந்தைத் திரும்பத் தொடங்குவோம், பேச்சு முன்போல வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் அவர். அதையும் நான்தான் செல்விக்குச் சொல்ல வேண்டியிருந்தது. காவ்யா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோயில் தலைவரே, சுவரில் இருப்பதைக் கிழித்துவிட்டு இதை ஒட்டுங்கள்.